கேட்குது சார்

ஜூன் 3, 2010

இன்று காலை ஹெப்சிபா வெள்ளைக் கோட்டின் பையில் பெயர்ப்பட்டையைக் குத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றாள். "டாக்டர் ஹெப்சிபா, பயிற்சி மருத்துவர்." கண்ணாடிக்கே அலுத்திருக்கும். நாலரை வருடம் ஒரே அறையில் ஒரே ஊறுகாய் பாட்டிலில் கைவிட்டுத் தின்றவள். இப்போது அவள் டாக்டர், நான் அரியர்.

எல்லாவற்றையும் எழுதிவைத்துவிடுகிறேன். அறுவை சிகிச்சை பாஸ். பிரசவம் பாஸ். குழந்தை மருத்துவம் பாஸ். பொது மருத்துவம் எழுத்துத் தேர்வில் எங்கள் செட்டில் மூன்றாவது மார்க். செய்முறையில் ஃபெயில். ஆகஸ்ட் 18 மறுதேர்வு. அதிலும் கோட்டை விட்டால் இன்னொரு ஆறு மாதம், ஜூனியர் பொடிசுகளோடு உட்கார வேண்டும்.

காரணம் ஒன்றுதான். டாக்டர் குலசேகரன். மருத்துவத் துறையின் தலைவர். வாய் திறக்காமல் பேசுகிற கலையில் மட்டும் அவர் முதுகலை முடித்திருக்கிறார். கேள்வி மீசையைத் தாண்டி வெளியே வருவதே இல்லை. கேட்ட கேள்வி என்னவென்றே தெரியாமல் பதில் சொல்ல நான் என்ன ஜோசியக்காரியா?

இந்த நோட்டு வேறு, என் வலைப்பதிவு வேறு. "வெள்ளைக்கோட்டு வேதாளம்" என்ற பெயரில் நான் எழுதுவது ஊர் சிரிக்க. இது எனக்கு. இங்கே யாரையும் சிரிக்க வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்றைக்கும் ஹெப்சி அலாரம் வைத்துவிட்டு என்னை எழுப்பாமல் போய்விட்டாள். கேட்டால், "அலாரம் நாலு மட்டம் அடிச்சுதுட்டி, நீ அசையவே இல்ல" என்கிறாள். நாலு தடவையாம். பொய்.


ஜூன் 7

வலைப்பதிவுத் திரட்டியில் வேதாளம் முதலிடம்! "கேட்குது சார்" பதிவுக்கு இதுவரை இருநூற்றுப் பதினாறு பின்னூட்டம். முதல் ஆள் வழக்கம்போல "மீ த ஃபர்ஸ்ட்டு". ஒருவர் அலுவலகத்தில் நாற்காலியிலிருந்து விழுந்தாராம். விழட்டும்.

பதிவின் சாரம் இது. வார்டில் பேராசிரியர் ஒரு நோயாளியின் நெஞ்சைக் காட்டி, "இங்கே ஒரு இரைச்சல் இருக்கு, வரிசையா வந்து கேளுங்க" என்பார். முதல் மாணவன் ஸ்டெத்தை வைப்பான். கண்ணை மூடுவான். சங்கீத சபாவில் உட்கார்ந்த மாதிரி தலையை ஆட்டுவான். "கேட்குது சார்." அடுத்தவள். "கேட்குது சார்." முப்பத்திரண்டு பேரும் கேட்குது சார். ஒருத்தருக்கும் ஒரு மண்ணும் கேட்டிருக்காது. நல்ல பிறப்புப் பிறந்தவன் கண்ணுக்கு மட்டும்தான் சாமி தெரியும் என்று ஒருவன் கிளப்பிவிட்டானாம், ஊரே தெரியுது தெரியுது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டதாம். அந்தக் கதைதான். மருத்துவக் கல்லூரி என்பது ஐந்து வருடம் கூட்டாகப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கும் இடம் என்று முடித்திருந்தேன். அதற்குத்தான் அத்தனை கைத்தட்டல்.

பெயர் போடாத ஒரே ஒரு அனானி மட்டும் எழுதியிருக்கிறது: "எனக்குக் கேட்குமே. உங்களுக்கு நிஜமாகவே கேட்பதில்லையா?"

வந்துவிட்டார் உத்தமர். "உங்கள் காது தங்கத்தில் செய்ததோ?" என்று பதில் போட்டு ஓடவிட்டேன். அதற்குக் கீழே இருபது பேர் வந்து கும்மி அடித்தார்கள். எவனாவது சீனியராக இருக்கும்.


ஜூன் 15

கோட்டைத் துவைத்தேன். சாம்பாரில் கரப்பான். மெஸ் செயலாளரிடம் சண்டை போட்டதில் மனம் லேசாக இருக்கிறது.


ஜூன் 22

அப்பா பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிட்டார். அருப்புக்கோட்டை வண்டிகளின் ஹாரன், பழக்காரிகளின் கூச்சல், அத்தனைக்கு நடுவிலும் "பொன்னு! நல்லாப் படி! இந்தத் தடவ விட்டுறாத!" என்று வார்த்தை வார்த்தையாக வந்து விழுகிறது. இருபத்தாறு வருடம் கண்டக்டர். எனக்குத் தெரிந்து மனுஷன் மாதிரி பேசுகிற ஒரே ஆள். அவரே வீட்டிலிருந்து பேசினால் முணுமுணுக்கத் தொடங்கிவிடுகிறார். அம்மா தூங்குகிறாளாம். அம்மாவை எழுப்ப அணுகுண்டு போட வேண்டும். என்னைப் பெற்ற பிறகு அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. அது அவள் கதை.

கேன்டீனில் இதை வேறு கவனித்தேன். அத்தனை தட்டுச் சத்தத்திலும் ஒவ்வொருத்தர் பேசுவதும் எனக்குத் தெளிவாகப் புரிகிறது. வார்டுக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் வாயில் கொழுக்கட்டை. மரியாதைக்காகக் குரலைத் தாழ்த்துகிறார்களாம். இந்த அமைதி நாடகத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.


ஜூன் 30

இசக்கியம்மாள் வந்திருக்கிறாள். முப்பத்தொன்பது வயது, பீடி சுற்றுகிறவள். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, அது இதயத்தின் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டது. சுருங்கின வாசலில் ரத்தம் நெருக்கிப் போகும்போது ஓர் இரைச்சல் வருமாம். பாடப்புத்தகத்தில் இருப்பது அச்சு அசலாக இவள் நெஞ்சில் இருப்பதால் வகுப்போ பரீட்சையோ வந்தால் ஆள் விட்டு அழைத்துவிடுவார்கள். எட்டு வருடமாக எங்கள் கல்லூரியின் கேள்வித்தாள் அவள். ஆபரேஷன் பேச்சு வந்தால் மட்டும் அப்புறம் பார்ப்போம் என்று தள்ளிவிடுவாள்.

அவளுக்கு நோயின் பெயர் ஆங்கிலத்தில் மனப்பாடம். பரீட்சையில் திருதிருவென முழிக்கும் பிள்ளைகளிடம் மெல்லச் சொல்லிவிடுவாள் என்பது ஊரறிந்த ரகசியம். "எங்கையால பாஸான டாக்டருமாரு நாப்பது பேரு இருப்பாவ" என்று பக்கத்துக் கட்டிலில் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள்.

நானும் போய் ஸ்டெத்தை வைத்தேன். ஜூனியர்கள் ஒன்பது பேர் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

"கேக்காம்மா?" என்றாள்.

"கேக்குது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.


ஜூலை 9

லூர்து சிஸ்டர் வார்டில் எல்லோர் முன்னிலும் என்னைக் கிழித்துவிட்டார். 14ஆம் கட்டில், தலைவலி என்று வந்த லாரி டிரைவர். பி.பி. பார்க்கச் சொன்னார்கள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, முழங்கை மடிப்பில் ஸ்டெத்தை வைத்து, பாதரசம் இறங்கும்போது டக் டக் என்று எப்போது கேட்கத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். நூற்றிருபதுக்கு எண்பது என்று எழுதினேன். உலகத்தில் பாதிப் பேருக்கு அதுதான். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஒரு மணி நேரத்தில் அந்த ஆள் வாந்தி எடுத்து, வாய் கோணி, சிஸ்டர் பார்த்தால் இருநூற்றுப் பத்துக்கு நூற்றிருபது.

"நூத்திருபதுன்னு எழுதியிருக்கியே, எதக் கேட்டு எழுதின?" என்று கத்தினார். நன்றாகத்தான் கத்துகிறார். அவர் சொல்வது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

ஒரு மணி நேரத்தில் பி.பி. ஏறக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா? நான் பார்க்கும்போது நூற்றிருபதாகவே இருந்திருக்கலாம்.


ஜூலை 10

14ஆம் கட்டில்காரருக்கு வாய்க்கோணல் குறைந்திருக்கிறது. மூன்று தடவை போய்ப் பார்த்தேன். குற்ற உணர்ச்சி எல்லாம் இல்லை. நூலகத்துக்குப் போகிற வழி அது.


ஜூலை 12

"பாத்திமா சிஸ்டரும் ஒலிபெருக்கியும்" பதிவேற்றினேன். லூர்து சிஸ்டரின் பெயரைத்தான் அப்படி மாற்றிவிட்டேன். அவர் ஊசி போடுவதற்கு முன்பே அவர் குரலில் நோயாளி மயங்கிவிடுவதாக எழுதினேன். நூற்று நாற்பது பின்னூட்டம். லாரி டிரைவர் பதிவில் வரவில்லை. நகைச்சுவைக்கு அவர் தோதுப்படவில்லை.

நெட் சென்டரிலிருந்து வரும் வழியில் மருந்துக்கடையில் காதழுக்கு சொட்டுமருந்து வாங்கினேன். மழைக்காலம் வருவதற்கு முன்னால் எல்லோரும் போட்டுக்கொள்வது நல்லது.


ஜூலை 21

ஓர் அருவருப்பான நாள். பிப்ரவரியில் நடந்ததை இங்கேகூட இதுவரை எழுதவில்லை. இன்றைக்கு எழுதித்தான் ஆக வேண்டும்.

ஸ்டெத்தின் தலைக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று தட்டை, ஒன்று கிண்ணம். கழுத்தைத் திருகினால் ஒரு முகம் திறக்கும், மற்றது அடைபடும். அடைபட்ட முகத்தை நெஞ்சில் வைத்தால் எதுவும் கேட்காது. அதனால்தான் ஸ்டெத்தை மாட்டியதும் எல்லோரும் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறார்கள். நானும் தட்டுவேன். பார்க்க நன்றாக இருக்கும்.

பிப்ரவரித் தேர்வில் குலசேகரன் என் ஸ்டெத்தை வாங்கி வைத்துக்கொண்டு தன்னுடையதைக் கொடுத்தார். "கேளு." வைத்தேன். கண்ணை மூடினேன். "கேட்குது சார்" என்றேன். எங்கே, எப்போது, எந்த மாதிரி என்று மீசை கேட்டிருக்க வேண்டும். புத்தகத்தில் உள்ள இரண்டு பத்தியை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தேன். அவர் ஸ்டெத்தை என் கையிலிருந்து வாங்கி, தலையைத் திருப்பிக் காட்டினார். அடைத்த முகம். "போம்மா" என்றார். அவ்வளவுதான். அந்த "போம்மா" மட்டும் எப்படியோ கேட்டது.

வழிப்பறிக்காரன்கூட எதிரில் வந்து நின்று கத்தியைக் காட்டுவான். இது முதுகில் குத்தின வேலை. எல்லோரும் சொல்கிற பொய்யை நான் சொன்னேன், எனக்கு மட்டும் பொறி வைத்தார்.

அப்படித்தான் இன்று காலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று வார்டில் அதே பொறியை ஒரு நாலாம் வருடத்துப் பையனுக்கு வைத்தார். தீத்தாரப்பன் என்று பெயர், ஒல்லிக்குச்சி. இசக்கியம்மாள் நெஞ்சில் வைத்ததும் வைக்காததுமாக, "சார், ஒண்ணும் கேட்கல" என்றான். பிறகு அவனே ஸ்டெத்தின் தலையைத் திருகி மறுபடி வைத்து, "இப்பக் கேட்குது சார்" என்றான். இரண்டு நொடி. கண்ணை மூடவில்லை, தலையை ஆட்டவில்லை.

துளையைப் பார்த்திருப்பான். கிண்ணத்தின் நடுவில் துளை இருக்கும், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று அதில் தெரியும். துளையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பான், களவாணிப்பயல்.

ஸ்டெத்தை அவன் பார்க்கவே இல்லை. இசக்கியம்மாள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.


ஜூலை 22

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டெத்தின் இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றித் தட்டினேன். மட்டமான ஸ்டெத். வேறு வாங்க வேண்டும்.


ஜூலை 25

வேறு ஸ்டெத்தும் மட்டம்.


ஆகஸ்ட் 2

ஹெப்சியோடு சண்டை. நாலரை வருடத்தில் இவ்வளவு கேவலமாகப் போட்டதில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் முன்னால் வந்து நிற்கிறாள், முகமெல்லாம் வெளிறி.

"ஏட்டி, நான் ஒம் பின்னால நின்னு மூணு மட்டம் கூப்ட்டேன்."

"தெரியும். உங்கூடப் பேசப் பிடிக்கல. அதான் திரும்பல."

"நான் என்ன சொல்லிக் கூப்ட்டேன்?"

என்ன திமிர் பாருங்கள். என் அறையில் நின்றுகொண்டு எனக்கே வாய்மொழித் தேர்வு வைக்கிறாள்.

"பொன்னு, நான் ஒன்னப் பேரச் சொல்லிக் கூப்பிடல. 'தீ, தீ'ன்னு சொன்னேன். நீ பாட்டுக்குப் பாவாடைய மடிச்சிட்டு நிக்க."

"எங்கே தீ?" என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். அதற்குத்தான் எனக்கு அவள்மேல் அதிகம் கோபம்.

அப்போதுதான் சொன்னாள். அந்த அனானி அவள்தானாம். வேதாளம் நான்தான் என்று முதல் பதிவிலேயே கண்டுபிடித்துவிட்டாளாம், ஊறுகாய் பாட்டில் கதை வந்ததால். "கேட்குது சார்" பதிவை எல்லோரும் சிரித்துச் சிரித்துப் படிக்க, அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லையாம். "எல்லாரும் பொய் சொல்லுதாவன்னு நீ நெசமாவே நம்புதேன்னு எனக்குத் தோணிச்சு. நேர்ல கேட்டா கடிச்சுக் கொதறிருவ. அதான் பேரில்லாம கேட்டேன்."

"வேவு பாத்திருக்க."

"காது டாக்டரப் பாருட்டி. நான் கூட வாரேன்."

"ஒன்னோட டாக்டர் வேலைய வார்டோட வெச்சுக்க" என்று சொன்னேன். வேறு சிலதும் சொன்னேன். அவள் அப்பா தவறியதைப் பற்றி ஒன்று சொன்னேன். அதை எழுத மாட்டேன்.


ஆகஸ்ட் 3

ஹெப்சி பேசவில்லை. அறை எப்போதும்போல்தான் இருக்கிறது.


ஆகஸ்ட் 11

ஒரு வாரம் இருக்கிறது. திட்டம் தயார்.

ஒன்று, நோயை விசாரணையிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். எப்போது மூச்சு வாங்குகிறது, சின்ன வயதில் மூட்டு வீங்கியதா, எல்லாவற்றையும் அவர்கள் வாயைப் பார்த்தபடி கேட்டால் எனக்குப் புரிகிறது. இரண்டு, கையை நம்ப வேண்டும். பலமான இரைச்சல் உள்ள நெஞ்சில் கையை வைத்தால் பூனையின் முதுகைத் தொட்டாற்போல் ஓர் அதிர்வு தெரியும். இசக்கியம்மாளுக்கு அது நன்றாகத் தெரிகிறது, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். மூன்று, குலசேகரன் ஸ்டெத்தைக் கொடுத்தால் முதலில் துளையைப் பார்க்க வேண்டும். திறந்திருந்தால் கேட்குது, அடைத்திருந்தால் கேட்கல. தீத்தாரப்பனுக்கு இரண்டு நொடி ஆனது. எனக்கு ஒரு நொடி போதும்.

இப்படி ஒரு திட்டம் எனக்கு எதற்குத் தேவைப்படுகிறது என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். நானே கேட்டுக்கொள்ளவில்லை.

அப்பா கூப்பிட்டு, டெப்போ வாசலில் வாழ்த்துப் பலகை வைக்க ஆட்கள் பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். "நம்ம கண்டக்டர் மகள்" என்று தொடங்குமாம். பலகையே வேண்டாம் என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.


ஆகஸ்ட் 18

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

என் எண்ணுக்கு விழுந்தது இசக்கியம்மாளேதான். எனக்கு அதிர்ஷ்டமா, அவளுக்குத் தலையெழுத்தா தெரியாது. நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். வார்டில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி, அதாவது மற்றவர்களுக்கு. கேள்விகளை முடித்துக் குனிந்து நாடி பார்க்கும்போது அவள் உதடு அசைந்தது. சொல்லித் தருகிறாள். நாற்பது டாக்டர்களைப் பாஸ் போட்ட அந்த ரகசியம் என் முகத்துக்கு அரை அடி தூரத்தில் வருகிறது. எனக்கு உதடு மட்டும் தெரிகிறது.

"என்னக்கா?" என்றேன். மறுபடி அசைந்தது. "என்ன?"

கொஞ்சம் உரக்கக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த கட்டிலில் இருந்த மாணவன் நிமிர்ந்தான். அவள் முகம் சுருங்கிவிட்டது. "எத்தன மட்டம்மா சொல்ல? போ, நீயே பாத்துக்கோ" என்று திரும்பிக்கொண்டாள். அதை மட்டும் சத்தமாகச் சொன்னாள்.

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கையை வைத்தேன். நெஞ்சின் இடது ஓரத்தில், சுண்டுவது போன்ற அடி. ஒவ்வோர் அடிக்கும் இடையில் அந்த அதிர்வு. கழுத்து நாடியை மறுகையால் பிடித்து, இதயம் தளர்கிற நேரத்தில்தான் அதிர்கிறது என்று உறுதி செய்தேன். எட்டுத் தடவை உறுதி செய்தேன். எனக்கு என் கைமேல் அப்படி ஒரு மரியாதை வந்தது.

குலசேகரனும், வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்த மேடமும் வந்தார்கள். தடுமாறாமல் எல்லாவற்றையும் சொன்னேன். "மைட்ரல் வால்வு சுருக்கம்" என்று முடித்தேன். மேடம் தலையசைத்தார். அத்தோடு விட்டிருக்கலாம்.

குலசேகரன் தன் ஸ்டெத்தை எடுத்தார். என் கண் நேராகத் துளைக்குப் போனது. அவர் ஸ்டெத்தின் தலையைத் தன் உள்ளங்கையில் பொத்தி, தானே இசக்கியம்மாளின் நெஞ்சில் வைத்துப் பிடித்துக்கொண்டு, காதில் மாட்டும் முனையை மட்டும் என்னிடம் நீட்டினார்.

மாட்டினேன். அவர் மீசை அசைந்தது. கேட்குதா என்று கேட்டிருப்பார்.

கேட்குது என்றால் பாதி வாய்ப்பு. கேட்கல என்றால் பாதி வாய்ப்பு. காசு சுண்டிப் போட்டால்கூட இதுதான். டெப்போ பலகை, ஆறு மாதம், ஜூனியர்கள், எல்லாம் வந்து போனது. அதற்குள் அந்த லாரி டிரைவரின் வாய் ஏன் நினைவுக்கு வர வேண்டும்? வந்தது. சனியன், அப்படியே நின்றது. நானும் அவருக்குக் காசு சுண்டிப் போட்டுத்தான் எழுதினேன்.

"சார், இத நீங்க மூடி வெச்சிருக்கீங்களா, திறந்து வெச்சிருக்கீங்களா?"

"அத நீதான் சொல்லணும்." மீசைக்குக் கீழே உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"எனக்குத் தெரியாது சார். ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்பறம் எப்படிம்மா டயக்னோசிஸ் சொன்ன?"

"கையில தெரிஞ்சுது மேடம்."

குலசேகரன் உள்ளங்கையைத் திறந்து காட்டினார். திறந்த முகம். நெஞ்சிலிருந்து எடுத்து ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு முதல்தடவையாக, வாயைத் திறந்து, ஊருக்கே கேட்கும்படி பேசினார்.

"போன தடவ ஏம்மா கேட்குதுன்னு சொன்ன?"

"எல்லாரும் அப்படிச் சும்மாதான் சொல்றாங்கன்னு நெனச்சேன் சார்."

"எத?"

"கேட்குதுன்னு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம்தான் என் தோளைத் தொட்டு, என் முகத்துக்கு நேராக வந்து சொன்னார்.

"இல்லம்மா. எல்லாருக்கும் கேக்கும்."

கேலி இல்லை அதில். கேலியாக இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்கு அதுதான் வரும். வாசல் வரை நடந்து வந்து, சக்கர நாற்காலிகள் நிறுத்தும் மூலையில் நின்று அழுதேன். கேட்டிருக்கிறது. முப்பத்திரண்டு பேருக்கும் கேட்டிருக்கிறது. ஐந்து வருடமாக நான் ஒருத்திதான் பொய் சொல்லியிருக்கிறேன், அதையும் ஊரைக் கூட்டிச் சிரித்திருக்கிறேன்.


ஆகஸ்ட் 20

காது மூக்கு தொண்டைப் பிரிவு. கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெகுநேரம் சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்தேன். போட்டுக்கொண்டுதான் இருந்தார்களாம்.

காதுக்குள் இருக்கும் மிகச் சிறிய எலும்பு இறுகிக்கொண்டு வருகிறது. பெண்களுக்கு அதிகம் வரும், குடும்பத்தில் வரும், பிள்ளை பெற்றால் கூடும். அடித்தொண்டைச் சத்தங்கள் முதலில் போகும். "பஸ்ஸுல, கேன்டீன்ல எல்லாம் நல்லாக் கேக்குமே?" என்று அங்கிருந்த பட்டமேற்படிப்பு டாக்டர் கேட்டார். கூச்சலில் மற்றவர்கள் குரலை உயர்த்திப் பேசுவதால் இந்த நோய்க்காரர்களுக்கு அங்கேதான் நன்றாகக் கேட்கும். மூன்றாம் வருடப் பரீட்சையில் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. முழு மார்க் வாங்கினேன்.

அறுவை சிகிச்சை உண்டு. அதுவரை கருவி. அப்பாவிடம் சொன்னேன். "அம்மாவுக்கும் இதானா? அவள நாங்க எத்தன வருசமாத் திட்டிக்கிட்டு இருக்கோம்" என்றார்.

அறைக்கு வந்ததும் ஹெப்சியிடம் காகிதத்தை நீட்டினேன். படித்தாள். மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன், அது எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். "நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு பாரு, அதான் கஷ்டம்" என்றாள். அவள் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை.


செப்டம்பர் 14

பாஸ். செய்முறையில் சரியாக ஐம்பது சதவிகிதம். கருணை மார்க்கா என்று யாராவது கேட்டால் மூக்கை உடைப்பேன்.

"கேட்குது சார்" பதிவை அழிக்கப் போனேன், அழிக்கவில்லை. பழைய அனானிக்குப் போட்ட பதிலை எடுத்துவிட்டு, "இல்லை, எனக்குக் கேட்பதில்லை" என்று மாற்றினேன். வேதாளத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். லூர்து சிஸ்டர் பதிவை அழித்தேன்.


செப்டம்பர் 27

வெள்ளைக் கோட்டு. பெயர்ப்பட்டை. காதுக்குப் பின்னால் வெல்லக்கட்டி மாதிரி ஒரு கருவி. குலசேகரன் இதயப் பிரிவிலிருந்து சத்தத்தைப் பெருக்கித் தரும் பேட்டரி ஸ்டெத் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார். கூடவே ஒரு சீட்டு: "தொலைத்தால் தொலைத்துவிடுவேன்." அந்த ஆளை எனக்கு இப்போதும் பிடிக்காது.

இசக்கியம்மாள் மூச்சுத்திணறலோடு நேற்றுச் சேர்ந்திருக்கிறாள். பரீட்சைக்கு இல்லை, அவளாக வந்திருக்கிறாள். திரைச்சீலையை இழுத்துவிட்டு ஸ்டெத்தை வைத்தேன்.

முதலில் ஓர் அடி. அதற்குப் பின்னால், கிரைண்டரில் கல் உருளுகிற மாதிரி, ஒரு தாழ்ந்த உருட்டல். மறுபடி அடி. மறுபடி உருட்டல். எவ்வளவு சத்தம்! இவ்வளவு பெரிய சத்தத்தை வைத்துக்கொண்டா உலகம் ஐந்து வருடம் என் பக்கத்தில் நின்றது? கையை எடுக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் கேட்டேன் என்று தெரியாது. சிரித்திருக்கிறேன். அழுதும் இருக்கலாம்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"சிரிக்கியேம்மா, சரியாயிட்டா?"

ஸ்டெத்தைக் காதிலிருந்து கழற்றினேன். பழைய சீட்டுகளில் உருட்டல் குறுகியது என்று எழுதியிருந்தார்கள். நான் கேட்டது இரண்டு அடிகளுக்கு இடைப்பட்ட நேரம் முழுவதும் நீண்டிருந்தது. காலையில் எடுத்த எக்கோ ஸ்கேனும் அதைத்தான் சொன்னது. வாசல் இன்னும் சுருங்கிவிட்டது. ஆமாக்கா, சரியாயிடுச்சு என்று சொல்வது எனக்கு எவ்வளவு எளிது என்று எனக்குத்தான் தெரியும்.

கட்டிலில் உட்கார்ந்தேன்.

"இல்லக்கா. முன்னைவிட மோசமாயிருக்கு. ஆபரேஷன இனிமேத் தள்ளக்கூடாது. ஒரு மாசத்துக்குள்ள செஞ்சாகணும்."

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. சற்று நேரம் அப்படியே இருந்து, பிறகு போனது. சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"எட்டு வருசமா எத்தன பிள்ளைய வந்து வெச்சுப் பாத்திருக்கும்" என்றாள். "எல்லாம் கேக்கு கேக்குன்னு சொல்லிட்டு எந்திச்சிப் போயிரும். என்ன கேக்குன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொன்னதில்லம்மா."

பிறகு கால்களைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டு, செருப்பைத் தேடியபடி கேட்டாள், "எங்க கையெழுத்துப் போடணும்?"